அக்கிக்குக் காவியா? ஊசியா?

அக்கி என்னும் நோயைப்பற்றியும், அதற்கு இப்பொழுது விற்பனைக்கு வந்திருக்கின்ற தடுப்பு ஊசியைப்பற்றியும் நாம் எழுதப் புகுந்ததைக் கண்டு, "சுயமரியாதைப் பத்திரிகைக்கு வைத்தியத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கக்கூடும். மனிதன் தன் புத்தியைப் பிறரிடம் அடகு வைத்துவிட்டு, சொன்னதைச் சொன்னபடி நம்பி, உடம்பையும் காசையும் இழக்கின்ற இடம் எதுவாயிருந்தாலும் அது நமக்கு வேலையுள்ள இடந்தான். கோயிலில் இழந்தால் என்ன, அக்கி எழுதுகிறவர் வீட்டுத் திண்ணையில் இழந்தால் என்ன, குளிர்சாதனம் போட்ட ஆஸ்பத்திரியில் இழந்தால் என்ன? இழக்கின்றவன் பாடுபடுகின்ற நம்மவன் அல்லவா?

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கடலிலும் உழைக்கும் தோழர்களிடையே இந்த அக்கியைப்பற்றி இரண்டு விதமான பேச்சு நடமாடுகின்றது. ஒன்று, "அக்கி ஆஸ்பத்திரி மருந்துக்குக் கேட்காது, அதற்கு எழுதத்தான் வேண்டும்" என்பது. மற்றொன்று, "அந்த ஊசியைப் போட்டுக் கொண்டால் காய்ச்சல் வரும், கை விழுந்து போகும், அக்கியே வந்துவிடும்" என்பது. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இன்று நமது வேலை.

முதலில் நோய் இன்னதென்று தெரிந்து கொள்வோம். நம் ஊர்களில் வேறு பல கொப்புளங்களுக்கும் அக்கி என்றே பெயர் சொல்லிவிடுவதுண்டு. ஆனால் வைத்தியர்கள் அக்கி என்று சொல்வது, சிறு வயதில் வந்து போன சின்னம்மையின் மிச்சத்தைத்தான். சின்னம்மை இறங்கிவிட்டது என்று நாம் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் கொண்டாலும், அதன் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் போய்ப் பதுங்கிக் கொள்கின்றது. 50 வயதைத் தாண்டியோ, சர்க்கரை நோயினாலோ, வேறு பெரிய நோயினாலோ உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த சமயம் பார்த்து, அந்த ஒரே நரம்பின் வழியாக வெளியே வருகின்றது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக எழும்புகின்றது. "பாம்புபோல் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் ஆள் போய்விடுவான்" என்ற பயத்துக்கு ஆதாரம் ஏதும் இல்லை. நரம்பு போகும் வழி அப்படி, அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவிதம் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஒரு சாதாரணக் குடும்ப வைத்தியர் இருந்தார். அவர் 1947 முதல் 1962 வரையில் தம்மிடம் வந்த அக்கி நோயாளிகள் ஒவ்வொருவரையும் குறித்து வைத்து, எண்ணிப் பார்த்து, பழைய சின்னம்மைக் கிருமிதான் மறுபடி கிளம்புகின்றது என்ற முடிவை 1965 இல் வெளியிட்டார். அவருக்கு யாரும் கனவில் வந்து சொல்லவில்லை. எண்ணினார், எழுதினார், எண்ணியதை வைத்து முடிவுகட்டினார். அறிவு என்பதற்கு இதைவிட வேறு இரகசியம் கிடையாது.

நிற்க, நமது நாட்டு வழக்கத்துக்கு வருவோம். காவிக்கல்லை நீர்விட்டு உரைத்துக் குழம்பாக்கி, அக்கி கண்ட இடத்தைச் சுற்றியும் மேலும் பூசி, சிங்கமோ நாயோ வரைந்து, மூன்று நாள் எழுதினால் அக்கி இறங்கிவிடும் என்பது வழக்கம். எழுதுகின்றவர் பெரும்பாலும் குயவர் குலத்தவர். அந்தத் தோழர்கள் மீது நமக்கு யாதொரு பகையும் இல்லை. பலர் கொடுத்த காசை வாங்கிக் கொள்கின்றவர்களேயன்றி, வீடு கட்டும் அளவுக்குச் சுரண்டுகின்றவர்கள் அல்லர். மேலும் ஒன்றை நாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எதற்கெடுத்தாலும் புரோகிதனைக் கைகாட்டிவிட்டு நாம் தப்பித்துக் கொள்வது இங்கே நடக்காது. இதில் பூணூலும் இல்லை, சமஸ்கிருதமும் இல்லை. இது நம்முடைய சொந்த மூடத்தனம். சொந்த மூடத்தனம் என்பதற்காக அதைச் சீராட்ட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"எழுதினோம், அக்கி இறங்கிற்று, இதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். சொல்கிறோம். அக்கி எழுதினாலும் இறங்கும், எழுதாவிட்டாலும் இறங்கும். அதன் கொப்புளங்கள் சாதாரணமாக 2 முதல் 4 வாரத்துக்குள் தாமே காய்ந்து உதிர்ந்துவிடும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. விழுந்ததற்குக் கூலி காக்கைக்கா? சிங்கம் எழுதாத சீமையிலும் அக்கி இறங்குகின்றதே, அங்கே யார் எழுதினார்கள்?

"இறங்கத்தானே செய்கிறது, காவி பூசினால் என்ன நஷ்டம்?" என்று சிலர் சமாதானம் பேசலாம். நஷ்டம் இருக்கின்றது, அதுவும் பெரிய நஷ்டம். அக்கிக் கிருமியை அடக்குகின்ற அசைக்ளோவிர் முதலான மாத்திரைகள், கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்கின்றன. அசைக்ளோவிர் இந்தியச் சர்க்காரின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்து. 72 மணி என்பது மூன்று நாள். காவி எழுதுவதும் மூன்று நாள்! மருந்து வேலை செய்யக்கூடிய அந்த மூன்று நாளையே காவி தின்றுவிடுகின்றது. நெற்றியிலும் கண்ணிமையிலும் மூக்கு நுனியிலும் அக்கி கண்டால் அது கண்ணுக்குள் இறங்கிப் பார்வையையே கெடுக்கக்கூடும். புண்ணின் மேல் மண் குழம்பைப் பூசினால் வேறு கிருமிகளும் சேர்ந்து சீழ் வைக்கக்கூடும். அக்கி வந்தவர்களில் 100க்கு 10 முதல் 18 பேர் வரையில், புண் ஆறிய பிறகும் அந்த நரம்பில் மாதக்கணக்காக, சிலருக்கு வருஷக்கணக்காக, சட்டை உரசினாலும் தாங்க முடியாத எரிச்சலை அனுபவிக்கின்றார்கள். மூட்டை தூக்குகின்றவனுக்கும் வலை இழுக்கின்றவனுக்கும் இந்த வலி வந்தால், வலியோடு சேர்த்துப் பிழைப்பும் போயிற்று.

ஆக, காவிக்கும் பக்கவிளைவு உண்டு. ஆனால் எத்தனை பேருக்கு எழுதினார்கள், எத்தனை பேருக்குக் கண் போயிற்று, எத்தனை பேருக்கு வலி நின்றது என்று ஓர் ஏடாவது உண்டா? இத்தனை தலைமுறையாக எழுதியும் ஒரு கணக்கு இல்லை. கணக்கு இல்லாததையே "பக்கவிளைவு இல்லாத வைத்தியம்" என்று மார்தட்டிக் கொள்கின்றார்கள். பேரேடு வைக்காத கடைக்காரன் தனக்கு நஷ்டமே இல்லை என்று சொன்னால் நாம் நம்புவோமா?

இனி ஊசியின் கணக்கைப் பார்ப்போம். ஊசி வந்துவிட்டது என்பதற்காக அதன் காலில் விழ நாம் தயாராயில்லை. ஷிங்ரிக்ஸ் என்ற பெயருள்ள இந்த ஊசியை கிளாக்சோ ஸ்மித்க்ளைன் கம்பெனி செய்கின்றது. அமெரிக்காவில் 2017 இல் அனுமதி பெற்று, இந்தியாவில் 2023 இல் விற்பனைக்கு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடுகின்றார்கள். இதில் உயிருள்ள கிருமி கிடையாது. கிருமியின் மேல்தோலில் உள்ள ஒரு புரதம் மட்டுமே இருக்கின்றது. ஆகையால் ஊசியினால் அக்கி வந்துவிடும் என்பது பொய். அந்தப் புரதத்தோடு, உடம்பின் காவற்காரனைத் தட்டி எழுப்புகின்ற ஒரு சரக்கையும் சேர்த்திருக்கின்றார்கள். அதில் ஒரு பகுதி சிலி நாட்டில் வளரும் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. தூங்குகின்றவனைத் தட்டி எழுப்பினால் வீட்டில் கொஞ்சம் கூச்சல் இருக்கும். அந்தக் கூச்சலே கை வலியும் காய்ச்சலும்.

கூச்சல் எவ்வளவு? இதற்கு ஏடு இருக்கின்றது. 2015 இல் வெளியான ஒரு சோதனையில் 18 நாடுகளைச் சேர்ந்த, 50 வயதுக்கு மேற்பட்ட 15,411 பேரை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தையும் மறுபாதிக்கு வெறும் உப்புநீரையும் ஊசியாகப் போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டுக் கொண்டவருக்குத் தெரியாது. இரண்டு தவணையும் போட்டுக் கொண்டவர்களைச் சராசரி மூன்று வருஷத்துக்குச் சற்று அதிகமாகக் கவனித்ததில், உப்புநீர்ப் பக்கம் 210 பேருக்கு அக்கி வந்தது. மருந்துப் பக்கம் 6 பேருக்கு வந்தது. 70 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த மற்றொரு சோதனையிலும் 100க்கு 90 பங்கு தடுத்தது.

பக்கவிளைவையும் அதே ஏட்டில் எழுதியிருக்கின்றார்கள். இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்ததில், மருந்து போட்டுக் கொண்டவர்களில் 100க்கு 78 பேருக்கு ஊசி போட்ட இடத்தில் வலி. 38 பேருக்குச் சிவப்பு. 26 பேருக்கு வீக்கம். 45 பேருக்குத் தசைவலி. 45 பேருக்கு அசதி. 38 பேருக்குத் தலைவலி. 27 பேருக்கு நடுக்கம். 21 பேருக்குக் காய்ச்சல். 17 பேருக்கு வயிற்றுக் கோளாறு. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடுகின்றது. ஆனால் முதலில் சொன்ன சோதனையில் 100க்கு 17 பேருக்கு அன்றாட வேலையைச் செய்ய முடியாத அளவுக்கு உபாதை இருந்தது. உப்புநீர் போட்டுக் கொண்டவர்களிலும் 100க்கு 3 பேர் அப்படியே படுத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். வெறும் உப்புநீருக்கே காய்ச்சலும் தலைவலியும் வருகின்றதென்றால், ஊசிக்குப் பின் வருவதெல்லாம் ஊசியினால் வருவதல்ல என்பது விளங்கவில்லையா? உயிருக்கு ஆபத்தான நோய்களும் மரணங்களும் இரண்டு பக்கத்திலும் ஏறக்குறையச் சமமாகவே இருந்தன.

"இது கம்பெனி செலவில் நடந்த சோதனைதானே?" என்று கேட்கலாம். வாஸ்தவம், கேட்க வேண்டியதுதான். அதனால்தான் விற்பனைக்கு விட்ட பிறகும் அதிகாரிகள் எண்ணிக்கொண்டே இருக்கின்றார்கள். 65 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களின் கணக்கைப் பார்த்ததில், குயில்லன்-பாரே என்ற கைகால் தளர்ச்சி நோய் 10 லட்சம் தவணைக்குச் சுமார் 3 பேருக்கு அதிகமாகக் காணப்பட்டது. ஊசிதான் காரணம் என்று முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆயினும் அந்த எச்சரிக்கையை மருந்தோடு கொடுக்கும் விவரத்தில் அச்சிட்டே தீர வேண்டும் என்று 2021 மார்ச்சில் அந்நாட்டு மருந்து அதிகாரிகள் செய்தார்கள். 10 லட்சத்தில் 3! இந்த அளவுக்குத் தன் குற்றத்தைத் தானே எண்ணி வைக்கின்ற ஒரு கோயிலையோ, ஒரு தாயத்தையோ, ஒரு மந்திரத்தையோ காட்டுங்கள் பார்ப்போம். பக்கவிளைவுப் பட்டியல் நீளமாயிருப்பதைப் பார்த்து ஊசிக்குப் பயப்படுகின்றவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பட்டியல் இருப்பது எண்ணியதற்கு அடையாளம். பட்டியலே இல்லாத இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

காக்கையும் பனம்பழமும் காவிக்குப் புகழ் தேடிக் கொடுத்ததுபோலவே, ஊசிக்குப் பழியும் தேடிக் கொடுக்கின்றன. நடிகர் விவேக் அவர்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சினிமாவில் மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து "சின்னக் கலைவாணர்" என்று பெயர் எடுத்தவர். 2021 ஏப்ரல் 15 இல் ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியில் எல்லோரும் பார்க்கக் கொரோனா தடுப்பூசி போட்டுக் கொண்டார். மறுநாள் மாரடைப்பு; 17 இல் மரணம். உடனே "ஊசி கொன்றது" என்ற பேச்சு காட்டுத்தீபோல் பரவிற்று. தடுப்பூசிப் பாதகங்களை ஆராயும் மத்திய கமிட்டி, மரணத்துக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவு சொன்னது அக்டோபரில்! வதந்திக்கு ஒரு நாள் போதும். உண்மைக்கு ஆறு மாதம் வேண்டியிருந்தது. மூடநம்பிக்கையைப் பரிகசித்தவரின் மரணமே ஒரு புது மூடநம்பிக்கைக்கு விதையாகிப் போனதற்கு, வதந்தி பேசினவன் மட்டுமா பொறுப்பாளி? ஆறு மாதம் வாய் திறக்காத சர்க்காருக்கும் அதில் பங்கு உண்டு என்றே சொல்லுவோம்.

அப்படியானால் ஊசியினால் தீங்கே வராதா? வரலாம். 2008 ஏப்ரலில், அப்பொழுது திருவொற்றியூரும் எண்ணூரும் சேர்ந்திருந்த திருவள்ளூர் மாவட்டத்தில், தட்டம்மை ஊசி போட்ட பின் 4 பச்சைக் குழந்தைகள் மாண்டன. அதை மறைக்க வேண்டும் என்று சொல்லுகின்றவன் பகுத்தறிவுவாதி அல்லன். அந்த மாதிரி சமயத்தில் கேட்க வேண்டிய கேள்வி, மருந்தில் பிசகா, கலந்தவிதத்தில் பிசகா, வைத்திருந்தவிதத்தில் பிசகா, பக்கத்தில் டாக்டர் இருந்தாரா என்பதுதான். "ஊசியே வேண்டாம்" என்று கிளம்பினால் தட்டம்மை சும்மா இருக்குமா? 50 வயது தாண்டிய தோழர்களில் பலர் தங்கள் தோளைத் திறந்து பார்த்தால் பெரியம்மை குத்திய தழும்பு இருக்கும். அந்தக் குத்தல் இன்றைய அக்கி ஊசியைவிட முரட்டுத்தனமானது. முதல் தடவை குத்திக் கொண்ட 10 லட்சம் பேரில் ஒருவர் இருவர் இறந்ததும் உண்டு. ஆனால் பெரியம்மையோ கண்டவர்களில் 10க்கு 3 பேரைக் கொண்டுபோயிற்று. 1975 மே மாதத்தோடு அது இந்தியாவை விட்டு ஒழிந்தது. 1980 இல் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றியது எத்தனையோ நூற்றாண்டு, ஒழியவில்லை. குத்தினார்கள், எண்ணினார்கள், ஒழிந்தது.

கம்பெனி சொல்வதை வடசென்னை மக்கள் உடனே நம்புவதில்லை என்றால் அதில் நாம் குற்றம் காண மாட்டோம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் உரக் கம்பெனிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த குடும்பங்கள் மூச்சு முட்டித் தெருவுக்கு ஓடி வந்தன. அப்படிப்பட்ட அனுபவம் உள்ளவர்கள் சந்தேகப்படத்தான் செய்வார்கள். சந்தேகம் நல்லது. ஆனால் அந்தச் சந்தேகத்தில் பாதியையாவது காவிக்கல்லின் மீதும் செலுத்துங்கள் என்றுதான் கேட்கிறோம். ஊசிக்காரனிடம் நூறு கேள்வி கேட்கின்ற வாய், எழுதுகிறவரிடம் போனதும் மூடிக்கொள்வது என்ன நியாயம்?

இப்பொழுது மிகவும் முக்கியமான சங்கதிக்கு வருகிறோம். இந்த ஊசியின் விலை ஒரு தவணைக்கே சுமார் 10,000 ரூபாய் அளவில் இருக்கின்றது. இரண்டு தவணை வேண்டும். சர்க்காரின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. பிரிட்டனில் 2013 முதல் குறிப்பிட்ட வயதான முதியோர்களுக்கு அக்கி ஊசியைச் சர்க்காரே இலவசமாகப் போட்டு வருகின்றது. இங்கே விளம்பரம் மட்டும் இலவசமாக எல்லோர் வீட்டுக்கும் வருகின்றது, மருந்து வருவதில்லை. பயத்தை எல்லோருக்கும் விற்று, மருந்தைப் பணக்காரனுக்கு மட்டும் விற்பது என்ன தர்மம்?

அன்றியும், காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும் என்று டாக்டர் லேசாகச் சொல்லுகின்றார். மாதச் சம்பளக்காரருக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் ஓய்வு. தினக்கூலிக்காரனுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் இரண்டு நாள் அடுப்பு எரியாது. மருந்துக்குப் பக்கவிளைவு காய்ச்சல். காய்ச்சலுக்குப் பக்கவிளைவு பட்டினி. இந்த இரண்டாவது பக்கவிளைவு எந்த மருந்துச் சீட்டிலும் அச்சிடப்படவில்லை. முதல் தவணையில் படுத்தவன் இரண்டாம் தவணைக்கு வராமல் போவதற்கு அவனுடைய அறியாமைதான் காரணம் என்று பேசுகின்ற மேதாவிகள், அவன் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான். முதலாவது, வடசென்னையில் வருஷத்துக்கு எத்தனை பேருக்கு அக்கி வருகின்றது, எத்தனை பேருக்குக் கண் கெடுகின்றது என்று ஸ்டான்லி ஆஸ்பத்திரி முதலான சர்க்கார் ஆஸ்பத்திரிகள் எண்ணி வெளியிட வேண்டும். இரண்டாவது, அந்தக் கணக்கு நியாயம் சொல்லுமானால், 50 வயது கடந்த சர்க்கரை நோயாளிகளில் தொடங்கியாவது ஊசியை இலவசமாகப் போட வேண்டும். போட்டுக் கொள்ளும் தொழிலாளிக்கு இரண்டு நாள் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும். மூன்றாவது, என்ன உபாதை வரும், யாருக்கு ஊசி கூடாது, எப்பொழுது டாக்டரிடம் ஓடி வர வேண்டும் என்பதைப் படிப்பவனுக்குப் புரியும் தமிழில் அச்சடித்துக் கையில் கொடுக்க வேண்டும்.

தோழர்களே, நீங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஒரு பக்கத்தில் எரிச்சலோடு கொப்புளம் கண்டால் அன்றைக்கே சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முகத்தில் கண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். ஊசி போட்டுக் கொள்ள வசதியுள்ளவர்கள், முந்தின தவணையில் உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தாலும், கர்ப்பமாயிருந்தாலும், அக்கி கண்டிருக்கின்ற சமயமாயிருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். காய்ச்சலுக்கு அஞ்சி இரண்டாம் தவணையை விட்டுவிடாதீர்கள். கைகால் தளர்ந்தால் வீட்டில் படுத்திராதீர்கள்.

காவி பூச வருகின்றவரானாலும் சரி, ஊசி போட வருகின்றவரானாலும் சரி, ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "எத்தனை பேருக்குச் செய்தாய்? எத்தனை பேருக்கு நன்மை? எத்தனை பேருக்குத் தீமை? ஏடு எங்கே?" ஏடு காட்டுகின்றவனிடம் இன்னும் நான்கு கேள்வி கேளுங்கள். ஏடே இல்லாதவனிடம் உங்கள் உடம்பைக் கொடுக்காதீர்கள்.